பத்தாவது ஓட்டை

நான் போளூரில் பம்ப்செட் கடை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மோட்டாரின் மேலும் ஒரு சின்னத் தகடு அடித்திருக்கும். எத்தனை குதிரைத்திறன், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் தள்ளும் என்றெல்லாம் அதில் பொறித்திருப்பார்கள். வாங்க வருகிறவர் மோட்டாரைத் தட்டிப் பார்ப்பார், தகட்டைப் படிப்பார், விலையைக் குறைக்கச் சொல்லுவார், வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இத்தனை வருஷத்தில் அந்தத் தகட்டைச் சந்தேகப்பட்டுக் கடைக்குத் திரும்பி வந்தவர் ஒரே ஒருவர்தான்.

கையில் நான்காக மடித்த நோட்டுத்தாளோடு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். காட்டன் புடவை, தோளில் துணிப்பை, மூக்கு நுனிவரை இறங்கிய கண்ணாடி.

"சார், உங்ககிட்ட வாங்குன மோட்டாரு நிமிசத்துக்கு எரநூத்தி நாப்பது லிட்டரு தள்ளும்னு போட்டுக்கீது. எங்க கெணத்துல நூத்தி தொண்ணூத்தி ரெண்டு தான் வருது."

"யாரும்மா சொன்னது?"

"ட்ரம்மு சொல்லிச்சி சார். எரநூறு லிட்டர் ட்ரம்மு. அஞ்சு வாட்டி ரொப்பிப் பாத்தேன். ட்ரம்மு ரொம்பறதுக்கு அறுவத்தி ரெண்டரை செகண்டு ஆவுது."

மோட்டாரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து முறைத்துக்கொண்டு நின்றேன். அவர் தாளைப் பிரித்து மேசை மேல் வைத்தார். ஐந்து வரிகள், ஐந்து நேரங்கள், கீழே சராசரி.

"திருப்பித் தர வரல சார். உங்க மேல தப்பு இல்ல. அவங்க ஆழம் கம்மியான எடத்துல ஓட்டிப் பாத்துட்டுப் போட்டிருப்பாங்க. எங்க கெணறு அறுவது அடி. டப்பா மேல போட்டது டப்பாவுக்கு. இனிமே விக்கும்போது கெணறு எத்தினி அடின்னு கேட்டுட்டு குடுங்க. அத சொல்லத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். தாளை விட்டுவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்தில் அன்று மதியம் சாப்பாடே இறங்கவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து யார் மோட்டார் கேட்டு வந்தாலும் கிணறு எத்தனை அடி என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் சரிதானா என்று அவர் அளந்து பார்ப்பார். நாங்கள் எல்லாரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டோம். என்னைவிடச் சின்னவர். அரசுப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தராசு, ஸ்டாப் வாட்ச், வெப்பமானி இவற்றோடேயே பொழுது போகிற வேலை. அந்த வேலை அவரை அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவர் என்பதால் அந்த வேலைக்குப் போனாரா என்று தெரியவில்லை. எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது ஒன்றுதான்: "அளந்துட்டு சொல்றேன்."

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு பஸ்ஸில் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருவர் சும்மா பேச்சுக்குக் கேட்டதற்கு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்து, ஏறுகிற நேரம் இவ்வளவு, இறங்குகிற நேரம் இவ்வளவு, வழியில் ஆடு மறித்தது நாலு நிமிஷம் என்று சொன்னவர் அவர். கேட்டவர் கேட்டதையே மறந்து போயிருந்தார். "சாப்ட்டீங்களா மேடம்?" என்றால் "ஆச்சுங்க" என்று சொல்லமாட்டார். "ரெண்டு இட்லி" என்பார். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி ரசம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "இன்னும் ரெண்டு டம்ளரு குடிச்சிட்டு சொல்றேங்க" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு தனக்கு யாரிடமும் கிடைத்ததில்லை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கடை ஒரு நிலைக்கு வந்த பிறகு எனக்குத் தொப்பையும் வந்தது, ஊரில் கொஞ்சம் கெத்தாக இருக்கவேண்டும் என்ற ஆசையும் வந்தது. ரைபிள் கிளப்பில் சேர்ந்தேன். கணியம்பாடியிலிருந்து அமிர்திக்குப் போகிற பக்கம், மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் எங்கள் சுடுதளம். தகரக் கூரை, அதன் கீழே படுத்துச் சுட ஆறு மேடை, ஐம்பது மீட்டரில் குறி அட்டைகள், அட்டைகளுக்குப் பின்னால் குண்டுகளை வாங்கிக்கொள்ள இரண்டு ஆள் உயர மண்மேடு. அதற்கும் பின்னால் ஜவ்வாது மலை. முதல் நாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கழுத்தில் விசிலோடு, தோட்டாப் பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

"வாங்க சார். கெணறு எத்தினி அடின்னு கேக்கறீங்களா இப்ப?"

"கேக்கறேன் மேடம்."

"காத மூடிக்கோங்க. ஆரம்பிக்கப் போறாங்க."

சனி ஞாயிறுகளில் சுடுதளம் அவர் பொறுப்பு. கல்லூரிக் காலத்தில் நன்றாகச் சுட்டவர், மெடல் வாங்கியவர் என்று கிளப் செயலாளர் சொல்லித்தான் தெரியும். அவர் முறை ரொம்ப எளிமையானது. ஒவ்வொருவருக்கும் பத்துத் தோட்டா கொடுப்பார். சுட்டு முடித்ததும் பத்துக் காலித் தோட்டாக் கூடு திரும்ப வாங்கிக்கொள்வார். அட்டையில் பத்து ஓட்டை இருக்கிறதா என்று எண்ணுவார். ஓட்டை வட்டக் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் பையிலிருந்து குண்டின் பருமனுக்கே கடைந்த ஒரு பித்தளைக் குச்சியை எடுத்து ஓட்டைக்குள் விட்டு லென்ஸ் வைத்துப் பார்ப்பார். எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் "சபாஷ்" கிடையாது. "ஏழு மில்லி மேல போவுது சார்" என்பதுதான் கிடைக்கும்.

அவரிடம் ஒரு வேகமானி இருந்தது. செருப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. அதன் இரண்டு முனையிலும் மேலே பார்க்கிற ஒவ்வொரு கண். குண்டு முதல் கண்ணின் மேல் பறந்து அடுத்த கண்ணின் மேல் போவதற்குள் அது நேரத்தைக் கணக்குப் பண்ணி வேகத்தை எண்ணில் காட்டிவிடும். வெயில் நேராக அடித்தால் அந்தக் கண்கள் கூசி, இல்லாததைச் சொல்லும். அதற்காக மேடம் வெள்ளைக் குடைத் துணியைக் குச்சியில் கட்டி அதற்கு மேல் பந்தல் போட்டு வைத்திருந்தார். தோட்டாக்களை ஒரு டிபன் கேரியரில் வைத்து, மேலடுக்கில் வெப்பமானியைப் போட்டு வைப்பார். சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்த தோட்டா நிழலில் இருந்ததைவிட வேகமாகப் போகும் என்று காட்டியும் இருக்கிறார்.

எனக்கு ரைபிளை விடவும் நம்பர்தான் முக்கியமாக இருந்தது. கடைக்காரன் புத்தி. கிளப் ரைபிள்களில் குழல் பதினெட்டு அங்குலம். நான் லைசென்ஸ் வாங்கி, சென்னைக்குப் போய், இருபத்தெட்டு அங்குலக் குழல் வைத்த ரைபிளாகப் பார்த்து வாங்கினேன். நீளமான குழல் என்றால் குண்டு வேகமாகப் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சுடுதளத்துக்குள் நுழைந்த அன்று எனக்கு இருந்த நடையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"இதுல வேகம் எவ்ளோ வரும் மேடம்?"

"அளந்துட்டு சொல்றேன்."

ஒரே டப்பாவிலிருந்து தோட்டாக்களை எடுத்து இரண்டு ரைபிளிலும் பத்துப் பத்து சுட வைத்தார். ஒவ்வொன்றையும் எழுதினார். கிளப்பின் குட்டைக் குழலில் சராசரி நொடிக்கு முந்நூற்று இருபத்தேழு மீட்டர். என்னுடைய நீளமான குழலில் முந்நூற்று இருபத்துமூன்று. நாலு மீட்டர் குறைவு. பெட்டி கெட்டுவிட்டது என்றேன். மறுபடி சுட வைத்தார். அதே கதைதான்.

"பெரிய துப்பாக்கின்னா நீங்க நெனைக்கிறது சரி சார். அந்தத் தோட்டால மருந்து நெறைய கீது. எரிய எரிய தள்ளிக்கினே போவும். குழா நீளமா இருந்தா ஒவ்வொரு இன்ச்சுக்கும் வேகம் ஏறும். நம்ம தோட்டால மருந்து ஒரு சிட்டிகை. பதினாறு இன்ச்சு போறதுக்குள்ள தள்ள வேண்டியத தள்ளி முடிச்சிடும். அப்புறம் குண்டு குழாய ஒரசிக்கினு போறது தான். ட்ராக்டரு நின்னு போச்சின்னா நாலு பேரு தள்ளுவாங்க இல்ல, தள்றத உட்டுட்டாங்கன்னா கொஞ்ச தூரம் தானா உருளும், அப்புறம் மெதுவாவும். அந்த மாதிரி."

"அப்ப நீளம் எதுக்கு மேடம்?"

"கண்ணுக்கு. குழா நுனில கீற முன்குறி தூரமா இருந்தா, நீங்க கோணலா புடிச்சா பளிச்சின்னு தெரியும். நல்ல ரைபிள் தான் சார் வாங்கிகீறீங்க. காரணம் தான் வேற."

அந்தக் கடைசி வார்த்தைக்காக அவரை மன்னித்திருக்கலாம். நான் மன்னிக்கவில்லை. குழல் கைவிட்டால் என்ன, தோட்டா இருக்கிறது என்று அதிவேகத் தோட்டா நாலு டப்பா வாங்கி வந்தேன். கிளப் தோட்டாவில் குண்டு வெறும் ஈயம், சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று இருக்கும். என்னுடையதில் செம்புப் பூச்சு, புதுக் காசு மாதிரி மின்னும். டப்பாவின் முகப்பில் முந்நூற்று எண்பத்தைந்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"வேகமா போவும் சார், சந்தேகமில்ல. ஆனா ஒலியோட வேகத்த தாண்டிப் போறது, அட்டகிட்ட வரும்போது திரும்ப அந்த வேகத்துக்கு எறங்கும். அங்க கொஞ்சம் தள்ளாடும். மெதுவா போறது தான் ஒழுங்கா போவும். பாப்போம். அளந்துட்டு சொல்றேன்."

அவரைத் தோற்கடித்தே தீரவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தோட்டாக்களோடு படுத்தேன். இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. பக்கத்தில் ஐந்து பேரும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லார் காதும் மூடியிருந்தது. நான் முதல் தோட்டாவைப் போட்டு, ரைபிளைத் தோளுக்குக் கொண்டுவரத் தூக்கினேன். குறி பார்த்த பிறகுதான் விரல் விசைக்குப் போகவேண்டும் என்பது முதல் நாள் பாடம். என் விரல் அதற்குள் அங்கே போயிருந்தது. வெடித்துவிட்டது. குழல் முனை அப்போது அட்டையைப் பார்க்கவில்லை, மண்மேட்டையும் பார்க்கவில்லை. அதற்கு மேலே வெறும் பச்சையாக மலை தெரிந்தது.

இடமும் வலமும் பார்த்தேன். யாரும் திரும்பவில்லை. மேடம் கோடியில் ஒருவருக்கு ரைபிள் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு, மலை எவ்வளவு பெரியது, குண்டு எவ்வளவு சின்னது என்று நினைத்துக்கொண்டு மீதி ஒன்பதையும் சுட்டு முடித்தேன்.

மேடம் கூடுகளை எண்ணினார். பத்து. அட்டையைப் பார்த்தார்.

"ஒம்போது தான் சார் கீது."

"ஒரே ஓட்டையில ரெண்டு போயிருக்கும் மேடம்."

சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். துப்பாக்கி பிடிக்கிற எல்லாரும் வாழ்க்கையில் ஒருமுறையாவது சொல்லிவிட ஆசைப்படுகிற பொய் அது. கைதட்டலைக் கேட்டதும் எனக்கே அது உண்மை போலத் தோன்றியது. மேடம் கைதட்டவில்லை. "அளந்துட்டு சொல்றேன்" என்று அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை போனபோது தோட்டாப் பெட்டி பூட்டியே இருந்தது. ஆட்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். மேடம் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"இன்னிக்கி நேரம் ஆவும் சார். உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

"இல்லியே மேடம்."

கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் மலை வழியாக ஒருவர் இறங்கி வந்தார். மேலே இருக்கிற குக்கிராமத்துக்காரர், பெயர் காளியப்பன். சாமை போடுகிறவர், நாலைந்து புளியமரம் வைத்திருக்கிறவர். என் வயதுதான் இருக்கும். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். அதற்குள் ஒரு குண்டு.

"போன ஞாயித்துக்கெழம காலைல எங்க புளியமரத்துல வந்து ஏறுச்சிங்க. என் பொஞ்சாதி கீழ புளி பொறுக்கிக்கினு இருந்தா. தலைக்கு மேல டப்புன்னு சத்தம் கேட்டு, பட்ட தூளு அவ கூடைல வுழுந்துச்சாம். அண்ணாந்து பாத்தா ஓட்ட. நான் தான் கத்தியால நோண்டி எடுத்தேன். அன்னைல இருந்து அவ மரத்தாண்ட போவ மாட்டேங்கறா. புளி அப்படியே கெடக்குது."

எவ்வளவு உயரத்தில் என்று மேடம் கேட்டார். காளியப்பன் தன் தலைக்கு மேல் ஒரு முழம் காட்டினார். என் கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

செயலாளர் ரைஸ்மில் வைத்திருப்பவர், கிளப்பைக் கட்டி வளர்த்தவர், கெட்டவர் இல்லை. ஆனால் சுடுதளத்தின் லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயம் அவர் குரலில் ஏறிவிட்டது.

"நம்ம ரேஞ்சு அம்பது மீட்டருப்பா. உன் மரம் எங்க கீது?"

"அதோ அந்த மொட்டப் பாறைக்கு மேல."

"அறுநூறு மீட்டரு இருக்கும். இந்தப் பொடி குண்டு அங்க ஏறுமா? இது நாட்டுத் துப்பாக்கி. உங்க ஆளுங்க யாராச்சும் பன்னி அடிக்கப் போயி உட்டிருப்பாங்க. நான் ஸ்டேசன்ல ஒரு பெட்டிசன் குடுக்கறேன், மேல வந்து வூடு வூடா தேடட்டும். தெரிஞ்சிடும்."

காளியப்பன் செயலாளரைப் பார்த்தபடியே தீப்பெட்டியை மூடினார்.

"எங்க வூட்டுல துப்பாக்கியே இல்லீங்க. தேடட்டும். ஆனா ஒண்ணும் கெடைக்கலன்னு சும்மா எறங்கிப் போவாங்களா? யாரையாச்சும் இட்னு தான் போவாங்க. வாயத் தொறந்தவன் நான், மொதல்ல என்னைத் தான் இட்னு போவாங்க. நான் கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணுங்க. அவ நாளைக்கி மரத்தாண்ட போலாமா, வேணாமா? அத சொல்லிட்டா போய்டறேன்."

பதில் என்னிடம் இருந்தது. சொல்லவில்லை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். லைசென்ஸ் போகும், ஊரில் பெயர் போகும், பேப்பரில் வரும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த அம்மாவின் தலையை அப்போது நான் நினைக்கவே இல்லை.

"அளந்துட்டு பேசலாம் சார்" என்று மேடம் செயலாளரிடம் சொன்னார்.

குண்டை வாங்கி வெள்ளைத் தாளில் வைத்தார். லென்ஸை செயலாளர் கையில் கொடுத்தார். "பக்கத்துல சாய்வா வரி வரியா தெரியுதா? நாட்டுத் துப்பாக்கி குழா உள்ள வழவழன்னு இருக்கும், வரி வுழாது. இது ரைபிள்ல இருந்து வந்தது." மண்மேட்டிலிருந்து ஒரு பழைய குண்டைத் தோண்டி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அது சாம்பல் நிறம். புளியமரத்துக் குண்டு நசுங்கியிருந்தாலும் ஓரத்தில் செம்பு மின்னியது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், உங்க தோட்டால ஒண்ணு குடுங்க."

கொடுத்தேன். அதை மூன்றாவதாக வைத்தார். குருடனுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் செயலாளர் விடவில்லை. அவ்வளவு தூரம் ஏறாது, ஏறும் என்றால் அளந்து காட்டுங்கள் என்றார். மேடம் வேகமானியை எடுத்து வந்து, குடைத் துணியைக் கட்டி, என் ரைபிளை வாங்கி, என் தோட்டாக்களில் ஐந்தைத் தானே மண்மேட்டுக்குள் சுட்டார். சராசரி முந்நூற்று எழுபத்தொன்று. டப்பா முகப்பில் போட்டிருந்ததைவிடப் பதினாலு குறைவு.

"பாத்தீங்களா, கொறைச்சல் தான" என்றார் செயலாளர். "இது இங்க இருக்கற வேகம். அங்க போயி சேருமா? அத அளந்தீங்களா?"

மேடம் என் தோட்டா டப்பாவை எடுத்துப் பக்கவாட்டில் திருப்பினார். அங்கே பொடி எழுத்தில் ஒரு எச்சரிக்கை. ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று. நாலு டப்பா வாங்கிய நான் அந்தப் பக்கத்தைப் படித்ததே இல்லை.

"டப்பா மேல போட்டத நம்பாதன்னு நீங்க தான மேடம் சொல்லிக்கினே இருப்பீங்க."

"ஆமா சார். ஆனா இத அளக்கணும்னா ஒன்றர மைலுக்கு அந்தாண்ட யாராச்சும் நிக்கணும். நான் யார நிக்க வெக்கறது? அதனால இந்த ஒண்ண மட்டும் அளக்காம நம்பிக்கறேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். காளியப்பன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மேடம் என்னைப் பார்க்கவில்லை. குடைத் துணியை அவிழ்த்து மெதுவாக மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்தால் அந்தக் காலை முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

"அது என்னோடது" என்றேன். "போன ஞாயிறு. மொதல் தோட்டா. தூக்கும்போதே விரல் பட்டுடுச்சி. ரெண்டு ஒரே ஓட்டையில போவல." காளியப்பனைப் பார்த்து, "அண்ணா, உங்க வூட்டம்மாகிட்ட வந்து நானே சொல்றேன்" என்றேன். எங்கிருந்து அண்ணா வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது.

அவர் தீப்பெட்டியை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். "சொன்னீங்களே, போதுங்க. ஆனா வாங்க. அவ திட்டுவா, வாங்கிக்கினு தான் வரணும்" என்றார்.

திட்டத்தான் திட்டினார். மலையேறிப் போய் மூச்சு வாங்க நின்றவனை உட்காரச் சொல்லாமல் அரைமணி நேரம் திட்டினார். பிறகு மோர் கொடுத்தார். மரத்தில் இருந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்தேன். என் சுண்டுவிரல் நுனி உள்ளே போனது.

ஸ்டேஷனுக்கு மேடமும் கூட வந்தார். எழுதிக் கொடுத்தேன். ரைபிளை ஒப்படைத்தேன், ஒரு வருஷம் அதைத் தொடவில்லை. சுடுதளம் ஆறு மாதம் மூடிக் கிடந்தது. மாநிலப் போட்டிக்காக மேடமும் அந்த வருஷம் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். போட்டிக்கு அவர் போகவில்லை. அதைப்பற்றி நான் பேச்செடுத்தபோது, "அடுத்த வருசம் இன்னா, போட்டிய மூடிடவா போறாங்க" என்றார்.

மண்மேட்டை இரண்டு மடங்காக உயர்த்தினோம். மண் சுமந்ததில் என் தொப்பை கரைந்தது. மேடைகளுக்கு முன்னால், தலைக்கு மேலே, குறுக்குக் குறுக்காகத் தடுப்புப் பலகைகள் கட்டினோம். குழல் தவறித் தூக்கினாலும் குண்டு பலகையில்தான் படவேண்டும். எத்தனை பலகை போதும் என்று செயலாளர் கேட்டார். பதில் உங்களுக்குத் தெரியும். மேடம் ஒரு துண்டு பிளாஸ்டிக் பைப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேடையிலும் படுத்து, உட்கார்ந்து, அதன் வழியே மேலே பார்த்தார். "பச்ச தெரியுது. இன்னும் ரெண்டு" என்பார். கட்டுவோம். மறுபடி படுத்துப் பார்ப்பார்.

அவருக்குத் திருப்தி வந்த பிறகும் திறக்கவில்லை. காளியப்பனின் மனைவியை வரச் சொல்லி அனுப்பினார். அந்த அம்மா வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஆறு மேடையிலும் படுத்தார். பைப்பைக் கண்ணில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். நாங்கள் எல்லாரும் பரீட்சை எழுதியவர்கள் மாதிரி நின்றோம். நாலாவது மேடையில் நிறுத்தினார்.

"இந்தாண்ட ஒரு சந்து. எங்க கொட்டா தெரியுது."

"எவ்ளோ தெரியுதுங்க?" என்று மேடம் கேட்டார்.

"அளக்கறதுக்கு இன்னா கீது அதுல? தெரியுது, அவ்ளோதான்."

மேடம் சிரித்து நான் முதன்முறை பார்த்தது அன்றுதான். அந்தச் சந்தில் நானே பலகை அடித்தேன். அந்த அம்மா மறுபடி படுத்து, நிதானமாகப் பார்த்து, "எங்க மரம் தெரில, கொட்டா தெரில, ஒண்ணும் தெரில. சுட்டுக்கோங்க" என்று எழுந்தார். அவருக்குப் பிறகுதான் தோட்டாப் பெட்டி திறந்தது. ஒவ்வொரு வருஷமும் மாசி பிறந்தால் அந்த மரத்துப் புளி ஒரு உருண்டை எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறது. மேடம் பாராட்டிய ரசத்தை என் மனைவி இப்போது அதில்தான் வைக்கிறாள்.

இரண்டு வருஷம் கழித்து மேடத்துக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. போவதற்கு முந்தைய ஞாயிறு எல்லாரும் சேர்ந்து பிரியாணி சாப்பிட்டோம். கிளம்பும்போது சாவிகளையும் நோட்டுகளையும் செயலாளரிடம் ஒப்படைத்துவிட்டு, என்னிடம் ஒரு கவரைக் கொடுத்தார். "இது உங்களுது சார். கிளப்புக்கு வேணாம்" என்றார். பஸ் ஏற்றிவிட்டு வந்து கடையில் உட்கார்ந்து பிரித்தேன்.

உள்ளே அந்த அட்டை. ஒன்பது ஓட்டை போட்டது. திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில் ஒன்று முதல் ஒன்பதுவரை எண் போட்டு, ஒவ்வொரு ஓட்டையின் அகலத்தையும் மில்லிமீட்டரில் எழுதியிருந்தார். அதன் கீழே, எதிலும் இரண்டு குண்டு போகவில்லை என்று ஒரு வரி. தேதி, நான் பொய் சொன்னதற்கு மறுநாள் திங்கட்கிழமை. காளியப்பன் இறங்கி வருவதற்கு ஐந்து நாள் முன்பு. பூட்டிய பெட்டியோடு அந்தச் சனிக்கிழமை அவர் எனக்காகத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கீழே இன்னொரு வரியும் இருந்தது. "பத்தாவதைப் பற்றி அவரே சொல்லுவார்."

ஒன்பது ஓட்டைக்கும் பக்கத்தில் ஒரு அளவு இருந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் மட்டும் எந்த அளவும் எழுதியிருக்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் வந்து நிற்பது தெரிந்தும் என்னால் உடனே தலையைத் தூக்க முடியவில்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிணறு எத்தனை அடி என்று கேட்டேன்.